பிக்கப்புக்கு ஷாக் மாற்ற: ஷோரூமா, பட்டறையா, வீட்டு வாசலா?

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981லேயே சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடிக் காட்டிவிட்டது. காலியாகிப்போன அந்த வரிசையில் இந்த வருஷம் என் பிக்கப் போய் நின்றுகொண்டது, எண்ணெயில்லாத ஷாக் அப்சார்பரோடு.

வண்டிக்குப் பெரிய வேலையெல்லாம் இல்லை. ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் காய்கறி ஏற்றி, ஊசூர், அரியூர் வழியாக வந்து, விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கிடைத்தால் சில்லறை லோடு. பின்பக்க ஷாக் போய்விட்டது என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது கத்தரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்தரி, 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம். பெயருக்கேற்ற மாதிரி காம்பில் முள் இருக்கும். காய்ப் பெட்டி வைத்த இடத்தில் நின்றால் அந்த முள்ளால் தொந்தரவு இல்லை. வண்டி துள்ளினால் ஒரு காயின் முள் பக்கத்துக் காயின் தோலில் குத்தும், குத்திய இடம் மதியத்துக்குள் பழுப்பாகிவிடும். கடைக்காரர் ஒரு காயை எடுத்துத் திருப்பிக் காட்டி, "இன்னா தம்பி, அம்மை போட்ட மாதிரி கீது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வலது பக்க ஷாக் முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டி, களி பூசின மாதிரி இருந்தது.

அப்புறம் இரண்டு வாரம் விசாரணை. ஷோரூம் ஒரு வழி, பட்டறை ஒரு வழி, பழைய ஷாக்கிலேயே எண்ணெய் ஊற்றித் தருகிற கடை ஒன்று. நாமே வீட்டு வாசலில் செய்தால் என்ன என்றான் மச்சான். கேட்ட எல்லோரும் கூலிக் கணக்குத்தான் பேசினார்கள். கடைசியில் என் வண்டிக்கு முடிவைச் சொன்னது ஒரு நட்டு. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

போனது ஷாக்தானா என்று பாருங்கள்

வண்டியின் பாரத்தை ஷாக் தாங்குவதில்லை. பாரம் முழுக்க ஸ்பிரிங் பட்டையின் மேல். பள்ளத்தில் அமுங்கிய பட்டை நிமிர்ந்த பிறகும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக். உள்ளே எண்ணெய், அதற்குள் மேலும் கீழும் போகிற பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வு. அந்தக் குறுகிய வழியில் எண்ணெய் நெருக்கிப் போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறித் தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், "பின்னாடி உக்காந்துபோச்சு, ஷாக் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் பர்ஸை எடுக்க மாட்டீர்கள். வண்டி உட்கார்ந்தால் பட்டையைப் பார்க்க வேண்டும். ஷாக் போன வண்டி உட்காராது, ஆடும். அதுவும் காலி வண்டியாக வரும்போது இன்னும் மோசமாக ஆடும், ஏனென்றால் முழு லோடுக்காகப் போட்ட பட்டை காலி வண்டிக்கு ரொம்ப விறைப்பு.

காரில் செய்கிற மாதிரி மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பது பிக்கப்பில் எடுபடாது. இந்தப் பட்டை கையால் அமுக்கினால் அசைவதே பெரிது. டயரைத் தடவிப் பார்ப்பது அதைவிட நல்லது. ரோட்டை விட்டு எழும்பி எழும்பி விழுந்த டயர், விளிம்பைச் சுற்றி மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருக்கும். ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பதற வேண்டாம். ஈரமாக வழிந்து கீழ் முனையில் உள்ள ரப்பர் புஷ் வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது, அதற்கு மேல் யோசனை கிடையாது.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று உண்டு. வேலை செய்கிற ஷாக் சூடாகும் என்றேன் இல்லையா? கரடுமுரடான ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, இறங்கியதும் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருந்து இன்னொரு பக்கம் ஆறிப்போய் இருந்தால், ஆறிப்போனது சும்மா கூட வருகிறது. முதலில் விரல் நுனியால் தொடுங்கள், சில நேரம் நன்றாகவே சுடும். சைலன்சர் பக்கமாக இருக்கிற ஷாக் வெறும் அந்தச் சூட்டிலேயே ஏமாற்றும், அதையும் கணக்கில் வையுங்கள். இந்தச் சோதனையை எங்கள் ஊரில் விடியற்காலையில் மட்டும்தான் செய்ய முடியும். சித்திரை மதியத்தில் வேலூரில் ஸ்டெப்னிகூடச் சுடும்.

டக் டக் என்ற சத்தத்தை மட்டும் நம்பி ஷாக் வாங்கிவிடாதீர்கள். பட்டையின் முனையை சேஸிஸோடு இணைக்கிற ஷாக்கிளின் புஷ் தேய்ந்தாலும், பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் தளர்ந்தாலும், ஷாக்கின் ரப்பர் புஷ் மட்டும் போனாலும் சத்தம் அதேதான். எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு ஷாக்கையும் மாற்றினார், சத்தம் போகவில்லை. யூ போல்ட் நட்டை முறையாக இறுக்கியதும் போய்விட்டது. நான்கு ஷாக் காசு!

ஷோரூமும் பட்டறையும்

வண்டி வாரண்டிக்குள் இருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம், நேராக ஷோரூம் போங்கள். வெளியே கை வைத்துவிட்டு அப்புறம் அவர்களோடு வாதாடிக்கொண்டிருப்பது வீண் வேலை. என் வண்டிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. எட்டு முடிந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), வருஷா வருஷம் என்று ஆகிவிடும். எண்ணெய் ஒழுகுகிற ஷாக்கோடு அங்கே போய் நிற்க முடியாது என்பதால் எப்படியும் தள்ளிப்போட வழியில்லை.

ஷோரூமில் பின் ஜோடிக்குச் சொன்ன தொகை பொருளும் கூலியும் சேர்த்து 4,600 ரூபாய். வெளியில் ஆவதைவிட ஆயிரத்தைந்நூறு கூட. அதில் தவறில்லை. வண்டி எண்ணைப் போட்டால் சரியான பார்ட் நம்பர் வந்துவிடுகிறது, பில் இருக்கிறது, எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து இறுக்குகிறார்கள். என் சிக்கல் நேரம்தான். காலை ஒன்பதுக்கு விட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும், அன்றைய மதிய லோடு போச்சு. வண்டியே பிழைப்பு என்றால் அந்தத் தொகையையும் பில்லோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த நஷ்டம் கிடையாது, அவருக்கு ஷோரூம் அவ்வளவு விலையும் கிடையாது.

பட்டறைக்குக் கொணவட்டம் பக்கம் போனேன். லாரிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாய், பின்னாடி ரெண்டு ஷாக் மாத்தணும். கூலி எவ்ளோ ஆவும்?"

"பொருள நீயே வாங்கிகினு வா. கூலி ஐநூறு. நட்டு கழலலைன்னா அப்பால பேசிக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை முன்கூட்டியே சொல்கிற மெக்கானிக் கிடைப்பது அபூர்வம். சாதாரணமாக வேலை பாதியில் நிற்கும்போதுதான் அது வரும்.

வேலை ஒரு மணி நேரம்தான். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், முன்னால் இரண்டு லாரி நின்றால் நம் பிக்கப் மூன்றாவது. பட்டறையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு விஷயத்தைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, கடைசி இறுக்கு. ஷாக்கின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. அச்சைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் நட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். தினமும் அந்த முறுக்கிலேயே ஓடிச் சீக்கிரம் கிழியும். ஏர் கன் வைத்திருக்கிற பட்டறையில் பையன் டர்ரென்று ஒரே இழுப்பில் இறுக்கி முடித்துவிடுவான். அவன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, முன்கூட்டியே சொல்லுங்கள்: முதலில் கையால் பிடிக்கிற அளவு, வண்டி தன் காலில் நின்ற பிறகு முழு இறுக்கு.

இரண்டாவது, கேஸ் கட்டிங். துருப்பிடித்த நட்டைப் பார்த்ததும் நெருப்பைத் தேடுகிற பழக்கம் பல பட்டறையில் உண்டு. மூடிய குழாய்க்குள் எண்ணெய், சில வகைகளில் அழுத்தத்தோடு நைட்ரஜன். அதற்குப் பக்கத்தில் சுடர் காட்டினால் ஷாக் வெடிக்கலாம். பழசுதானே, தூக்கிப் போடப்போகிறதுதானே என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. யாராவது ஷாக் நட்டுக்குக் கேஸ் பற்றவைத்தால் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எண்ணெய் ஊற்றித் தருகிற கடை பற்றி இரண்டு வரி போதும். ஷாக்குக்கு 350 ரூபாய் என்றார்கள். குழாயில் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, துளையை வெல்டிங் வைத்து அடைத்து, கருப்புப் பெயிண்ட் அடித்துத் தருவது. பிக்கப்புகளில் வருகிற ஷாக் திறந்து மூடுவதற்காகச் செய்ததல்ல. எண்ணெய் ஒழுகக் காரணமான சீல் அப்படியே இருக்கிறது, தேய்ந்த வால்வும் அப்படியே இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் புதுக் கருப்புப் பெயிண்டில் வெல்டிங் பொட்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த ஷாக் வாங்குவது

ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆனால் பின் ஜோடி போனதற்காக முன் ஜோடியையும் சேர்த்து மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. லோடு வண்டியில் பின்பக்கத்துக்கு அடி அதிகம்.

கம்பெனி டப்பாவில் வருவதா, வெளியில் கிடைக்கும் நல்ல பிராண்டா? எனக்கு இதில் பெரிய சண்டை இல்லை. வண்டிக் கம்பெனிகள் ஷாக்கைப் பெரும்பாலும் வெளியில் செய்துதான் வாங்குகிறார்கள். 1961ல் தொடங்கிய கேப்ரியல் மாதிரி நிறுவனங்கள் வண்டிக் கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள், கடைக்கும் அனுப்புகிறார்கள். ஓசூரிலேயே அவர்களுக்கு ஆலை இருக்கிறது. நான் வெளிப் பிராண்டில் ஜோடி 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது டப்பாவில் அச்சிட்ட மாதத்தையும் எம்ஆர்பியையும் பாருங்கள். 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. பழைய ஸ்டாக்கைப் பழைய விலையிலேயே நீட்டினால் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

கேஸ் ஷாக் போட்டால் இன்னும் நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. கூடவே அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால், விடாமல் குலுங்கும்போது எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு தளர்வது குறையும். ஜவ்வாது மலைப் பக்கம் தினமும் ஏறி இறங்குகிற வண்டிக்கு அந்தக் கூடுதல் காசு வீண் போகாது. அரியூர் ரோட்டில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடுகிற என் வண்டிக்கு எண்ணெய் ஷாக் போதும் என்று முடிவு செய்தேன். இன்னொன்று, எந்த ஷாக்கும் வண்டியின் லோடு அளவைக் கூட்டாது. ஹெவி டியூட்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் கூட்டாது.

வீட்டு வாசலில்

மச்சான் சொன்ன வழி அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் அது எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. குட்டி யானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸ் போல முன்னும் பின்னும் பட்டை உள்ள வண்டியில் ஷாக் தனியாக நிற்கிறது. அதைக் கழற்றினால் எதுவும் சரிந்து விழாது. வண்டி தன் பட்டையிலும் தன் சக்கரத்திலும் நிற்கும், ஜாக்கியே வேண்டாம். அப்படியே படுத்து மாற்றினால் கடைசி இறுக்கும் சரியான நிலையிலேயே அமைந்துவிடும், மேலே சொன்ன ரப்பர் முறுக்குச் சிக்கலே இல்லை. இசுசு டி-மேக்ஸ் மாதிரி முன்பக்கம் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) உள்ள பிக்கப் என்றால் முன்பக்கத்தை வீட்டில் தொடாதீர்கள். அமுங்கிய காயிலுக்குள் இருக்கிற விசை கையை எடுத்துவிடும். அந்த வண்டிகளிலும் பின்பக்கம் பட்டையாக இருந்தால் அதை மட்டும் வீட்டில் செய்யலாம்.

காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 17, 19 ரிங் ஸ்பேனர், நீளக் கைப்பிடியோடு பாக்ஸ் ஸ்பேனர், கம்பி பிரஷ், துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். பாய் கேட்ட கூலி 500. ஆக முதல் தடவைக்கு வீட்டு வேலையில் லாபமே இல்லை, நஷ்டம். அடுத்த தடவை ஸ்பேனர் இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஷாக் ஒன்றும் மாதா மாதம் மாற்றுகிற பொருள் இல்லை. எனக்கு வீடு சரிப்பட்டதற்குக் காரணம் வேறு: வண்டி சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சும்மா நிற்கிறது, நடுச்சாமம் வரை அதற்கு வேலை இல்லை.

இங்கேதான் நட்டு வருகிறது. ஷாக்கை வாங்குவதற்கு முன்பே, ஒரு சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி, நான்கு நட்டையும் சோதித்துப் பாருங்கள். கம்பி பிரஷ் வைத்து மறையில் இருக்கிற மண்ணைத் தேய்த்து எடுத்து, ஸ்பிரே அடித்து, மறுநாள் சாயங்காலம் ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் திரும்ப இறுக்கிவிடுங்கள். நான்கும் அசைந்தால் வீட்டு வேலை ஒரு மணி நேரம். ஒன்று அடம்பிடித்தாலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம். அப்போதும் அசையாவிட்டால் அந்தப் பக்கம் பட்டறைக்கு உரியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கழற்ற ஆரம்பிப்பதுதான் ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் டார்ச் லைட்டோடு நிற்க வைக்கும்.

என் வண்டியில் நான்கில் மூன்று அசைந்தன. வலது பக்க மேல் நட்டு அசையவில்லை. எல்லா வண்டியிலும் கீழ் நட்டுதான் சேறு பட்டுத் துருப்பிடிக்கும், இங்கே தலைகீழ். யோசித்துப் பார்த்தால் காரணம் கீரைக் கட்டு. வாடாமல் இருக்கச் சாக்கை நனைத்து மூடுவோம், அந்தத் தண்ணீர் தொட்டியின் வலது மூலையில் உள்ள இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக நேராக அந்த நட்டின் தலையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழு வருஷமாக.

சரி, ஸ்பிரே அடித்துக்கொண்டே இருந்தால் அதற்குள் இளகிவிடும் என்ற நம்பிக்கையில் ஷாக்கை வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் டயர் இரண்டுக்கும் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தோம். ஸ்டெப்னியை இறக்கியதும் பின்னால் ஒரு ஆள் தாராளமாகப் படுக்க இடம் கிடைத்தது. இடம் போதாமல் ஜாக்கி போட வேண்டி வந்தால் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல் அடுக்கி நிறுத்துவது வேண்டவே வேண்டாம். நம் ஊர்ச் செங்கல் சுவரில் நிற்கும், அச்சின் முனை ஒரே இடத்தில் அழுத்தினால் பொடிந்துவிடும்.

இடது பக்கம் இருபது நிமிஷம். கீழ் நட்டைக் கழற்றி, மேல் நட்டைக் கழற்றி, சுத்தியலால் இரண்டு தட்டு, பழைய ஷாக் கையோடு வந்தது. புதிய ஷாக்கை டப்பாவிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடக் கூடாது. கடையில் படுத்தே கிடந்ததால் உள்ளே காற்றும் எண்ணெயும் இடம் மாறியிருக்கும். செங்குத்தாகப் பிடித்து முழுசாக இழுத்து, முழுசாக அமுக்கி, நான்கைந்து தடவை செய்ய வேண்டும். முதல் இரண்டு அமுக்கலில் நடுவில் ஒரு இடம் வெறுமையாக நழுவியது, நான்காவதில் முழு நீளமும் ஒரே கெட்டியாக எதிர்த்தது. பக்கத்தில் கிடந்த பழையதை மச்சான் அமுக்கிப் பார்த்தான். சைக்கிள் பம்பு மாதிரி உள்ளே போனது, களக் என்று ஒரு சத்தம், போன இடத்திலேயே நின்றுவிட்டது. கேஸ் வகை என்றால் ஷாக்கைச் சுருக்கிக் கட்டியிருக்கிற நாடாவை அறுத்ததும் தானாக நீளும், மூஞ்சிக்கு நேராக வைத்துக்கொண்டு அறுக்கக் கூடாது.

மாட்டும்போது வாஷரின் வரிசை முக்கியம். கழற்றிய வரிசையிலேயே பழையதைத் தரையில் அடுக்கி வைத்தால் குழப்பம் இல்லை, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. தண்டு மேலே நீட்டிக்கொண்டு, மேலும் கீழும் ரப்பர் வைத்து இறுக்குகிற வகையில், ரப்பர் பிதுங்கி வாஷர் அகலத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். என் வண்டி போல் குறுக்கே போல்ட் போகிற வகை என்றால் புத்தகத்தில் சொன்ன இறுக்கு.

வலது பக்கம் கீழ் நட்டு சுலபமாக வந்தது. மேல் நட்டில் ஸ்பேனர் போட்டு, அதன் வாலில் ஒரு குழாயைச் செருகி மச்சான் தொங்கினான். அசைந்த மாதிரி இருந்தது. அசைந்தது நட்டு இல்லை, நட்டின் முனைகள். ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது, என் விரல் முட்டி ரெண்டும் சேஸிஸில் உரசித் தோல் போச்சு. ஏழரை மணிக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழைய ஷாக்கின் கீழ்ப்பக்கத்தைத் திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை லோடு இறக்கிய கையோடு மெதுவாகக் கொணவட்டம் போனேன்.

பாய் அடியில் குனிந்து பார்த்தார். கேஸ் பக்கமே போகவில்லை. ஒரு கூரான உளியை எடுத்து நட்டின் ஒரு பக்கத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரே தாளத்தில் அடித்தார், பத்துப் பதினைந்து அடி. நட்டில் மெல்லிய கோடு விழுந்தது. உளியைச் சுற்றி எதிர்ப்பக்கம் வைத்து இன்னும் பத்து. நட்டு பிளந்து, பூந்திக்கொட்டைத் தோல் மாதிரி கையில் வந்தது. போல்ட்டின் மறையும் கெட்டுப்போயிருந்ததால் புதிது ஒன்று தேடி எடுத்தார். தலையில் 8.8 என்று எழுதியிருக்கிறதா என்று எனக்குக் காட்டினார், பழையதிலும் அதேதான் இருந்தது. அந்த எண் போல்ட்டின் பலம், அதைவிடக் குறைந்ததைப் போட்டால் அறுந்துபோகலாம். போல்ட், நட்டு, வேலை எல்லாம் சேர்த்து 180 ரூபாய் வாங்கினார். விரலைப் பார்த்துவிட்டு, "வூட்ல செஞ்சியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆக என் ஒப்பீட்டில் ஜெயித்தது எந்த வழி என்று கேட்டால், முக்கால் பங்கு வீடு, கால் பங்கு பட்டறை. கழலுகிற பக்கத்தை நாம் கழற்றலாம், கழலாத ஒன்றுக்கு ஐநூறு கொடுத்தாலும் தகும், எனக்கு 180ல் முடிந்தது. திரும்ப அதே நிலைமை வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்வேன்: அசையாத நட்டோடு குழாய் போட்டு மல்லுக்கட்டாமல் முதலிலேயே பாயிடம் போவேன். கையில் ஸ்பேனரே பிடித்திராதவர், படுத்து எழ முதுகு ஒத்துழைக்காதவர், இந்த 1,100 ரூபாய்ச் சாமானை வாங்காமல் நேராகப் பட்டறைக்குப் போகலாம். அவர்களுக்கு வீட்டு வேலையில் கிடைப்பது ஒன்றுமில்லை. பொருளை மட்டும் தானே வாங்கிக்கொண்டு போனால் போதும்.

மாட்டிய மூன்றாம் நாள் எல்லா நட்டையும் ஒரு தடவை திரும்பப் பிடித்துப் பார்த்தேன். இடது கீழ் நட்டு மட்டும் ஒரு துளி இடம் கொடுத்தது. பழைய ஷாக் இரண்டும் காயலான் கடைக்குப் போய்விட்டன, அறுக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். தொட்டியின் வலது மூலை இடுக்கில் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறேன், கீரைத் தண்ணீர் இப்போது பின் கதவு வழியாக ரோட்டில் சொட்டுகிறது. கத்தரிக்காய்க் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததே போதும். முன்பக்க நட்டு நான்குக்கும் போன வாரம் ஸ்பிரே அடித்து வைத்தேன். மூன்று அசைகின்றன.